அவன் பெயரில் நான் போட்ட பதில்

எங்கள் பேண்டின் புதிய ஆல்பம் இணையத்தில் ஏறிய நாளில் நான் கடையில் ஒருவருக்கு கிளட்ச் கேபிள் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வண்ணார்பேட்டையில் எனக்கு டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. பகலெல்லாம் கிரீஸ் கை, சாயந்திரமானால் அதே கையில் பேஸ் கிதார். திருநெல்வேலியில் ஹெவி ராக் பேண்ட் என்று ஒன்று இருக்கிறது என்றால் ஊரில் முக்கால்வாசிப் பேர் நம்ப மாட்டார்கள். "கோயில் கொடைக்கு வாசிப்பீயளா மாப்ளே?" என்று என் மாமனார் இன்றைக்கும் கேட்கிறார். வாசிக்க மாட்டோம் என்றால், பிறகு எதற்கு இந்தச் சத்தம் என்கிறார்.

நாங்கள் நாலு பேர். பாடுகிறவன் மேலப்பாளையத்துக்காரன். கல்லூரியில் என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவன். இப்போது ஒரு தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியார். சாதாரணமாகப் பேசினால் பக்கத்தில் இருப்பவனுக்கே காது கூர்மையாக வேண்டும், அவ்வளவு சாது. ஆனால் மைக்கைப் பிடித்தால் அடிவயிற்றிலிருந்து ஓர் உறுமல் எழும்பும் பாருங்கள், அதைக் கேட்கத்தான் தூத்துக்குடியிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் பையன்கள் பைக்கில் வருவார்கள். பேட்டையில் ஒரு பழைய நெல் குடோனின் மாடியில்தான் எங்கள் ஒத்திகை. முதன்முதலில் அவன் உறுமிய அன்று அடுத்த வீட்டு அக்கா கையில் திருநீற்றோடு மாடியேறி வந்துவிட்டார். "யாருக்குய்யா ஆவேசம் வந்திருக்கு?" என்று கேட்டார். எங்களால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவன் மட்டும் சிரிக்காமல் நெற்றியை நீட்டிப் பூசிக்கொண்டான். ஒரு மனிதர் மனசு கோணக் கூடாது என்றால் அவன் எதையும் செய்வான்.

பேண்டுக்கு இணையத்தில் ஒரு பக்கம் உண்டு. அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ரசிகர்கள் எல்லாம் பாடுகிறவனைத்தான் விசாரிப்பார்கள். அவனுக்கோ செல்போனில் எழுதுவது என்றாலே எரிச்சல். "நீயே எம் பேர்ல எதையாவது போட்டு விடு லே" என்றான். போட்டேன். அவன் பேசுகிற மாதிரியே, அதே மேலப்பாளையத்து இழுப்போடு, 'நான்' என்றே எழுதினேன். அது ரசிகர்களுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. பேண்டில் இருக்கும் நாலு பேரைத் தவிர, பதில் போடுவது நான்தான் என்று யாருக்கும் தெரியாது. அவன் மனைவிக்குக்கூடத் தெரியாது. இதில் என்ன பெரிய ரகசியம் என்றுதான் அப்போதெல்லாம் நினைத்தேன். எனக்கு அது ஒரு ஜாலி. மூக்குக்கு மேல் கோபம் வருகிற எனக்கு, அவனுடைய பொறுமையைக் கொஞ்ச நேரம் இரவல் வாங்கிக்கொண்ட மாதிரியும் இருந்தது.

ஆல்பத்துக்கான பாட்டுகளைப் போட்டுக்கொண்டிருந்த மாதங்களில் அவன் குரல் உடைய ஆரம்பித்தது. முதலில் சளி என்றான், பிறகு பள்ளிக்கூடச் சாக்பீஸ் தூசி என்றான். ஹைகிரவுண்டு பக்கம் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். மூக்கு வழியாகச் சின்னக் கேமராவை விட்டுப் பார்த்தார். குரல் நாணில் முடிச்சு விழுந்திருக்கிறது, பக்கத்தில் ரத்த நாளமும் வீங்கி இருக்கிறது என்றார்.

"பேசலாம். பையப் பாடலாம். இந்த உறுமல் கிறுமல் எல்லாம் இன்னையோட சரி. மீறுனீங்கன்னா ரத்தம் கசியும், பெறகு குரல் திரும்பினா உண்டு" என்றார்.

வெளியே வந்து எலுமிச்சைச் சாறு கடையில் நின்றோம். அவன் குடிக்காமல் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். "யாருட்டயும் சொல்லிராத மக்கா" என்றான். "வாத்தியாருக்குத் தொண்ட போச்சுன்னு தெரிஞ்சா பள்ளிக்கூடத்துல வேற ஆளத் தேடுவானுவ. வீட்ல சொல்லிக்கிடுதேன். மத்தவனுவளுக்குத் தெரிய வேண்டாம்."

"ரசிகர்களுக்காவது சொல்லுவோம் லே. புரிஞ்சிக்கிடுவானுவ."

"பாவம்னு சொல்லுவானுவ. அது ஆவாது. திட்டுனாக் கேட்டுக்கிடலாம். பாவம்னு ஒருத்தன் சொல்லிட்டா அப்புறம் மேடையில எப்படி நிக்க?"

சத்தியம் செய்து கொடுத்தேன். அதை இன்று வரைக்கும் காப்பாற்றினேன் என்று சொல்லிக்கொள்ளலாம், சவத்த விடுங்க, அதனால் யாருக்கு என்ன பிரயோசனம்.

அப்படித்தான் புது ஆல்பத்தில் எல்லாப் பாட்டும் திறந்த குரலில், உறுமல் இல்லாமல் வந்தன. மாற்றம் வேண்டும் என்று நினைத்தேன் என்று மற்ற இருவரிடமும் சொல்லிவிட்டான். ஆற்றில் சாக்கடை கலப்பதைப் பற்றி ஒரு பாட்டு, ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டில் படுத்திருக்கிறவர்களைப் பற்றி ஒரு பாட்டு. சொற்கள் எல்லாம் முதன்முறையாகத் தெளிவாகக் கேட்டன. பதிவு முடிந்து ஹெட்போனைக் கழற்றியதும் "எப்படி இருக்கு?" என்று என்னிடம்தான் முதலில் கேட்டான். "பிரமாதம் மக்கா" என்றேன். பொய். எனக்குப் பிடிக்கவில்லை. சோற்றில் உப்புப் போட மறந்த மாதிரி இருந்தது. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

விமர்சகர்கள் கொண்டாடினார்கள். சென்னையிலிருந்து வருகிற ஓர் இணைய இதழில் ஒருவர் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். சத்தத்தைக் கைவிடுகிற துணிச்சல், முதிர்ச்சி, தெற்கத்திக் குரலின் புதிய திறப்பு, இன்னும் என்னென்னவோ. கொச்சியிலிருந்து ஒருவர் வீடியோ போட்டு, இது திட்டமிட்ட துறவு என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். துறவாவது புண்ணாக்காவது. தொண்டையில் முடிச்சு. படிக்கப் படிக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எனக்குத் தெரிந்த உண்மை இவர்களில் ஒருவருக்கும் தெரியாது, ஆனால் எல்லோரும் அவன் மனசுக்குள் புகுந்து பார்த்த மாதிரி எழுதுகிறார்கள்.

ரசிகர்கள் அதற்கு நேர் எதிர். பக்கத்தைத் திறந்தால் பொரிந்து தள்ளியிருந்தார்கள். 'கல்யாண வீட்டு மெல்லிசைக்கு ஆள் ரெடி.' 'சினிமா சான்சுக்கு அலையுதான், அதான் வாய கழுவிட்டு வந்திருக்கான்.' 'திருநெல்வேலிக்காரனே திருநெல்வேலிக்காரனுக்கு அல்வா குடுத்துட்டான்.' 'கணக்கு சாருக்கு வயசாயிட்டு, மப்ளர் வாங்கிக் குடுங்கடே.' இதை எல்லாம் அவனும் படித்தான். பள்ளியிலிருந்து வருகிற வழியில் என் கடையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துச் சிரித்தான். மப்ளர் கமெண்டுக்கு உண்மையிலேயே சிரித்தான். "எழுதட்டும் லே. கேக்குதானுவல்லா, அது போதும்" என்றான்.

அவன் சிரித்தான். என்னால்தான் சிரிக்க முடியவில்லை. ஏனென்றால் அந்தக் கமெண்டுகளில் பாதி என் மனசில் இருந்தது. நான் வாய் திறந்து சொல்லாததை அந்தப் பையன்கள் எழுத்துக்கூட்டி எழுதுகிறார்கள், அவ்வளவுதான். அவர்களைத் திட்டவும் முடியவில்லை, அவர்களோடு சேரவும் முடியவில்லை.

சாத்தான்குளத்திலிருந்து ஒரு ரசிகர் உண்டு. எங்கள் எல்லா ஷோவுக்கும் வருவார். வரும்போதெல்லாம் பாடுகிறவன் தொண்டைக்கு நல்லது என்று கருப்பட்டி கொண்டுவந்து கொடுப்பார். மற்றவர்கள் கேலி செய்துகொண்டிருந்தபோது அவர் ஒன்றுமே எழுதாமல் இருந்தார். ஒரு மத்தியானம் அவரும் எழுதினார். 'ரொம்ப யோசிச்சுப் பாத்தேன் அண்ணே. நீங்க பயந்துட்டீங்க.' அவ்வளவுதான். திட்டு இல்லை, கேலி இல்லை.

எனக்குச் சுருக்கென்று தைத்தது. பயந்துவிட்டானாம்! தொண்டை கிழியும் என்று டாக்டர் சொல்லியும், அதை ஒருவரிடமும் சொல்லாமல் அத்தனை ஏச்சையும் சிரித்தபடி வாங்கிக்கொண்டிருக்கிறவனைப் பார்த்து! கடையில் ஒருவர் ஸ்பார்க் பிளக் கேட்டுக்கொண்டு நின்றார். "ஒரு நிமிசம் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு, கிரீஸ் ஒட்டிய விரலாலேயே அடித்தேன். அவனாக அடித்தேன்.

'பயமா? எனக்கா? அம்பாசமுத்திரம் ஷோவுக்கு வாங்க மக்கா. பழைய உறுமல் ஒண்ணுக்கு ரெண்டாத் தாரேன். சொன்னா சொன்னதுதான்.'

ஸ்பார்க் பிளக்கை எடுத்துக் கொடுத்துத் திரும்புவதற்குள் இதயங்களும் தீப்பொறிகளுமாகக் குவிந்துவிட்டன. 'அண்ணன் வாராரு', 'இதுதான் எங்க ஆளு' என்று வந்துகொண்டே இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதுவது எதுவும் உண்மையில்லை. அவன் தொண்டை எனக்கு அந்த நேரத்தில் ஞாபகத்துக்கே வரவில்லை. வந்தபோது நாக்கைக் கடித்துக்கொண்டேன், ஆனாலும் உடனே அழிக்கவில்லை. கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று விட்டேன். அந்தக் கொஞ்ச நேரத்தில் ஊரெல்லாம் அதைப் படம் பிடித்துப் பகிர்ந்துவிட்டது.

அவனுக்கு மறுநாள் வகுப்பறையில்தான் தெரிந்தது. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் கரும்பலகையில் 'சொன்னா சொன்னதுதான்' என்று எழுதி வைத்திருக்கிறான். சாயந்திரம் கடைக்கு வந்தவன் ஸ்டூலில் உட்காரவில்லை.

"எம் பேர்ல நீயா போட்ட?"

"கோவத்துல போட்டுட்டேன் மக்கா. இப்பமே அழிச்சிருதேன்."

"எத்தன பேரு எடுத்து வச்சிருக்கானுவ தெரியுமா? இப்ப அழிச்சா பயந்தது மட்டுமில்ல, பொய்யும் சொல்லுதான்னு ஆவும்."

"நான்தான் போட்டேன்னு சொல்லிருதேன்."

"சொல்லி? இத்தன வருசமா அவனுவகிட்ட பேசுனது நான் இல்லன்னு சொல்லவா? போ லே, கோட்டிக்காரா." அவன் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். பிறகு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தான். "ஒரு பாட்டு. கடைசிப் பாட்டு மட்டும். ஒரு பாட்டுல ஒண்ணும் ஆயிராது."

வேண்டாம் என்று நான் சொன்னேன். இரண்டு முறையோ மூன்று முறையோ சொன்னேன். எந்தக் குரலில் சொன்னேன் என்பதுதான் இப்போது என்னைப் போட்டு வதைக்கிறது. வீட்டுக்கு வந்த விருந்தாளி சாப்பிடாமல் கிளம்பும்போது நாம் சொல்வோமே, "சாப்பிட்டுட்டுப் போலாமே" என்று, அப்படி ஒரு குரல். ஷோவில் உறுமப் போகிறான் என்று அவன் மனைவியிடம் போய்ச் சொல்லியிருந்தால் அவள் அவனை வீட்டு வாசலைத் தாண்ட விட்டிருக்க மாட்டாள். நான் போகவில்லை. அந்த உறுமலை இன்னும் ஒருமுறை கேட்க வேண்டும் என்று எனக்கே ஆசையாக இருந்தது.

ஷோ அம்பாசமுத்திரத்தை அடுத்து ஒரு கல்லூரி மைதானத்தில். மேடையிலிருந்து பார்த்தால் பாபநாசத்து மலை தெரிகிறது. வெயில் தாழ்ந்ததும் ஆரம்பித்தோம். புது ஆல்பத்துப் பாட்டுகளை அவன் பாடியபோது பையன்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஆற்றுப் பாட்டுக்கு நடுவிலேயே 'உறுமு, உறுமு' என்று கத்த ஆரம்பித்தார்கள். முன்வரிசையில் சாத்தான்குளத்து ரசிகர் நின்றிருந்தார். அவர் கத்தவில்லை, காத்துக்கொண்டிருந்தார். அவன் பாட்டை அவசரப்படாமல் முடித்தான். வெந்நீர் குடித்தான். என் பக்கம் திரும்பிக் கண்ணைச் சிமிட்டினான். பிறகு எங்கள் முதல் ஆல்பத்தின் முதல் பாட்டு.

அந்தச் சத்தத்தை நான் எப்படிச் சொல்வேன். முன்பு எப்போதும் வராத அளவுக்கு வந்தது. கூட்டம் எகிறியது. சாத்தான்குளத்துக்காரர் அழுதுகொண்டே குதித்தார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது, வாய் காது வரைக்கும் இருந்தது. ஒரு பாட்டு என்றவன் கூட்டம் கேட்கக் கேட்க இன்னொன்றும் பாடினான். 'ஒண்ணுக்கு ரெண்டாத் தாரேன்' என்று எழுதியிருந்தேனே. அவன் அதையும் கணக்கு வைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறான்.

வேனில் ஏறியதும் "பிச்சிட்ட மக்கா!" என்று அவன் தோளைப் பிடித்து உலுக்கினேன். அவன் வாயைத் திறந்தான். காற்று வந்தது. மறுபடி திறந்தான். உதடு அசைந்தது, அவ்வளவுதான். டிரம்ஸ் வாசிக்கிறவன் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தான். அவன் கைக்குட்டையை வாயில் வைத்துக் காறித் துப்பி, அதை என்னிடம் மட்டும் விரித்துக் காட்டினான். சிவப்பு. காட்டிவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். 

ரத்த நாளம் உடைந்திருந்தது. ஒரு வார்த்தை பேசக் கூடாது என்றார் டாக்டர். பிறகு மதுரையில் ஆபரேஷன். முடிந்த பிறகும் பல வாரம் மௌனம். பேச்சு வரும் என்றுதான் சொன்னார்கள். வகுப்பின் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற அளவு வருமா என்று கேட்டதற்கு, பொறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார்கள். பாட்டைப் பற்றி நாங்கள் கேட்கவே இல்லை.

அந்த வாரங்களில்தான் எங்கள் பக்கம் திமிலோகப்பட்டது. ஷோவில் எடுத்த வீடியோவை ஆயிரம் பேர் ஆயிரம் விதமாக வெட்டிப் போட்டார்கள். 'சிங்கம் திரும்பிட்டு.' 'புது ஆல்பத்த இப்பதான் மறுபடி கேட்டேன், மன்னிச்சிருங்க அண்ணே, நல்லாத்தான் இருக்கு.' சென்னை விமர்சகர்கூட, அமைதிக்கும் ஆவேசத்துக்கும் இடையில் இந்தக் குரல் சுதந்திரமாகப் போய்வருகிறது என்று எழுதினார். சாத்தான்குளத்துக்காரர் எழுதியதுதான் எனக்கு எமனாக வந்தது. 'உங்களப் போயி பயந்துட்டீங்கன்னு சொன்னேனே அண்ணே. என் வாயில மண்ணு.' நான் அதற்குப் பதில் போடவில்லை. அதற்கு மட்டுமல்ல, எதற்குமே. அண்ணனுக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்று ஒருவன் எழுதியிருந்தான்.

அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. கேட்டார்கள், கிடைத்தது, சந்தோஷப்பட்டார்கள். ஒரு ரசிகன் வேறு என்ன செய்வான். நான் ரசிகன் இல்லை. அவனோடு டாக்டர் அறைக்குள் போனவன்.

மேலப்பாளையத்துக்குப் போகாமல் நாள் கடத்தினேன். கடையில் வேலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் போனேன். அவன் கட்டிலில் சாய்ந்திருந்தான். பக்கத்தில் பிள்ளையின் சிலேட்டு, சாக்பீஸ். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, கட்டிலைத் தட்டி உட்காரச் சொன்னான். அவன் மனைவி டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகாமல் அங்கேயே நின்றாள்.

"பாத்தீயளாண்ணே இவுஹ கோலத்த? பிள்ள வாப்பா வாப்பான்னு கூப்பிடுது. இவுஹ கையத் தட்டுதாஹ. அதுவும் இப்பம் பேசுறத விட்டுட்டுக் கையத் தட்டப் படிச்சுட்டு" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நான் டீயைக் கையில் எடுத்தேன்.

"ஒண்ணு கேக்கட்டா? இவுஹளுக்குக் கோவமே வராதேண்ணே. கட்டிக்கிட்டு வந்த நாள்லேர்ந்து எங்கிட்ட ஒரு சத்தம் போட்டதில்ல. அந்தக் கமெண்டுக்கு மட்டும் எப்பிடி இம்புட்டு வீம்பு வந்துச்சு? பயமா எனக்கான்னு எழுதுறதாம், சொன்னா சொன்னதுதான்கிறதாம். வைத்தியரு சொன்னது தெரிஞ்சும் எழுதுன கையி. ஆஸ்பத்திரியில வச்சுத்தான் அத நான் பாத்தேன், இவுஹ கையா இதுன்னு எனக்கு வெறுத்துப்போச்சு. அங்கன இருந்த அம்புட்டு நாளும் நான் இவுஹகிட்ட மொகம் குடுத்துப் பேசலண்ணே."

என் வாய் திறந்தது. 'அது அவன் இல்லைம்மா' என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அவன் என் முழங்காலில் கை வைத்து அழுத்தினான். பிறகு அவளைப் பார்த்து, தன் கன்னத்தில் தானே பையப் போட்டுக்கொண்டான், இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. தப்புதான், என் தப்புதான் என்று. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இப்பம் போட்டு என்ன" என்றாள். பிறகு என்னிடம் திரும்பினாள்.

"நீங்க கூடவேதான இருக்கீய. கண்ணுல பட்டதும் ஒரு வார்த்த சொல்லித் தடுத்திருக்கலாம்லாண்ணே? நீங்க சொன்னா கேப்பாஹ."

அவன் கை என் முழங்காலிலேயே இருந்தது. எடுத்தால் நான் சொல்லிவிடுவேன் என்று நினைத்தானோ என்னவோ. அவன் அவ்வளவு பயப்பட்டிருக்க வேண்டாம்.

"ஆமாம்மா" என்றேன். "தடுத்திருக்கணும்."

"சரி விடுங்க, உங்களச் சொல்லி என்ன. டீயக் குடிங்க, ஆறிப்போவுது" என்றாள்.

குடித்தேன்.